மதியம் இரண்டு மணி பேக்கப்

இனிமேல் என்னிடம் இருக்கும் எதுவும் தொலையாது என்று ஒரு நாள் காலையில் பல் துலக்கும்போது சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரையோடு எடுத்த சபதம். அதனால் என் மனைவிக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னங்க, குழாய்ல தண்ணி வரலையா?"

"பேக்கப்! பேக்கப் எடுக்கப் போறேன்!"

"துப்பிட்டுப் பேசுங்க."

துப்பிவிட்டுப் பேசினேன். உங்களுக்கும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பத்துப் பதினைந்து பேருடைய வெப்சைட்டுகளுக்கு என் வீட்டுப் பின் அறையில் இடம் கொடுத்துப் பிழைப்பவன் நான். பல் டாக்டர், பேக்கரிக்காரர், டிரைவிங் ஸ்கூல், எதிர்வீட்டு டியூஷன் டீச்சர், இவர்கள் எல்லாருடைய வெப்சைட்டும் அங்கே இருக்கும் சர்வர் என்ற ஒரே ஒரு கம்ப்யூட்டரிலிருந்துதான் ஓடின. முந்தின நாள், எல்லாவற்றையும் சேமித்துவைத்திருக்கும் அந்த சர்வரின் டிஸ்க் 'க்ளக்' என்று ஒரு சத்தம் போட்டது. டிஸ்க் போனால் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட், பேக்கரியின் கேக் ஆர்டர், டீச்சரின் பாடங்கள் எல்லாம் போச்சு. என் பிழைப்பும் போச்சு. அதனால் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கிளவுட் கம்பெனியின் கிடங்கில் தினமும் போட்டுவைப்பது என்று முடிவு செய்தேன். அதற்குப் பெயர்தான் பேக்கப்.

அந்தப் பின் அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஏசி உள்ள ஒரே அறை அது. சர்வர் சூடாகக் கூடாதே! என் மனைவி தையல் வேலை செய்பவள். ஸ்கூல் யூனிஃபார்ம், திரைச்சீலை, தலையணை உறை என்று நாள் முழுக்கத் தைப்பாள். தையல் மிஷினுக்கு வேறு இடம் இல்லாததால் சாப்பாட்டு மேஜைதான் அதற்கும் மேஜை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் நூல் வரும். ஒரு தடவை பட்டன் வந்தது. பின் அறைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'சின்ன வீடு'.

"சின்ன வீட்டுக்கு ஏசி. கட்டின பொண்டாட்டிக்கு ஃபேன். அதுவும் தலையைத் திருப்பாத ஃபேன்."

"அது மிஷின்மா. சூடானா கெட்டுடும்."

"நான் சூடானா?"

இந்தக் கேள்வி வந்ததும் எழுந்து சர்வரைப் பார்க்கப் போய்விடுவேன்.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன். உலகத்தில் எல்லாரும் பேக்கப்பை ராத்திரியில் ஓட விடுவார்கள். பக்கத்தில் ஆளே வேண்டாம். தானாக ஆரம்பிக்கும், தானாக முடியும். நான் அதை மதியம் இரண்டு மணிக்கு வைத்தேன். ஏனென்றால் சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கண் சொக்கும் நேரம் அது. ஆனால் கண் சொக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் "என்னங்க, ஜிப் வாங்கிட்டு வாங்க", "என்னங்க, இந்த நூலோட அதே பச்சை வாங்கிட்டு வாங்க" என்று ஆரம்பிப்பாள். அதே பச்சை எந்தக் கடையில் கிடைத்திருக்கிறது? சர்வருக்குப் பின்னால் ஒரு பாயும் தலையணையும் ஒளித்துவைத்திருந்தேன். இல்லாதது ஒரு சாக்கு மட்டும்தான். அதையும் விஞ்ஞானம் கொடுத்துவிட்டது.

"இனிமே ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் என்னைக் கூப்பிடாதே. பேக்கப் ஓடும்."

"ஓடட்டும். நீங்க எதுக்குக் கூடவே ஓடணும்?"

"பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்துக்கணும்மா. அடுப்புல பால் வெச்ச மாதிரி."

"நீங்க பார்த்துக்கிட்ட பால் என்னைக்காவது பொங்காம இருந்திருக்கா?"

பேக்கப்புக்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டிருந்தபோது காபியோடு வந்து நின்றாள். திரையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நீள வரி. அதற்குக் கீழே, 'இதுதான் உங்கள் சாவி. இது இல்லாமல் நகலைத் திறக்க முடியாது. வேறோர் இடத்தில் பத்திரமாக வையுங்கள்' என்று போட்டிருந்தது.

"எங்க வைக்கப் போறீங்க?"

"இதோ." சர்வரிலேயே புதிதாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, 'பத்திரம்' என்று பெயர் வைத்து, சாவியை உள்ளே போட்டேன்.

"இது அதே மிஷின்தானே?"

"மிஷின் அதேதான். ஃபோல்டர் வேற."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பின்கதை உண்டு. வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியவன் நான். ஒரு தடவை இல்லை. அன்றிலிருந்து எங்கள் மாற்றுச் சாவி எதிர்வீட்டு டீச்சரிடம்தான் இருக்கிறது. டீச்சர் வெளியே போனாலும் அவர் வீட்டுக்காரர் இருப்பார். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து பகலெல்லாம் தூங்கும் புண்ணியவான். பகலில் தூங்குவதற்கு அவருக்குச் சாக்கே தேவையில்லை என்று எனக்கு அவர்மேல் பொறாமை.

மனைவி கையில் இருந்த போனைத் தட்டிக்கொண்டே போய்விட்டாள்.

அதன்பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே, பொற்காலம்! மதியம் இரண்டு அடித்ததும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே போவேன். கதவைச் சாத்துவேன். பேக்கப் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தை நான் முடிப்பேன். தலையணை உறை அழுக்காகிவிட்டது என்று ஒரு நாள் அலமாரியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த புது உறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஓரத்தில் நீல நூலில் கொடி மாதிரி ஏதோ பின்னல். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படுப்பவனுக்கு எல்லாமே கொடிதான். நன்றாகத் தூங்கினேன்.

தூங்கி எழுந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு சாயங்காலம் டீச்சர் வந்து, "சார், பசங்களுக்குப் பரீட்சை வருது. பாடமெல்லாம் உங்க மிஷின்லதான் இருக்கு. ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார்.

"டீச்சர், அது மேல லாரியே ஏறட்டும். மூணு மணி நேரத்துல எல்லாத்தையும் வேற எடத்துல ஓட வெச்சுடுவேன்!"

தையல் மிஷின் நின்றது.

"முடியலைன்னா?" என்றாள் மனைவி.

"முடியலைன்னா அந்த ரூமே உனக்கு."

"டீச்சர், நீங்க சாட்சி."

"சாட்சி," என்றார் டீச்சர். இவ்வளவு வேகமாகச் சாட்சி சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னது தவளையைப் பற்றி மட்டும் இல்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம். ஆழ்ந்த தூக்கம். தலைமாட்டில் 'க்ளக், க்ளக், க்ர்ர்ர்' என்று சத்தம். நான்தான் குறட்டை விடுகிறேன் என்று முதலில் திரும்பிப் படுத்தேன். என் குறட்டை அவ்வளவு இரும்பாக இருக்காதே என்று எழுந்து பார்த்தால், டிஸ்க் கண்ணை மூடிவிட்டது.

போன் அடித்தது. பேக்கரிக்காரர். "கேக் ஆர்டர் ஒண்ணும் தெரியலையே! யாருக்கு எந்தப் பேரை எழுதறது?" வைத்ததும் பல் டாக்டர். "கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. யார் முன்னாடி, யார் பின்னாடின்னு சண்டை!" வாசலில் டீச்சர். "சார், பாடம் திறக்கலை. பசங்க அழறாங்க."

"மூணு மணி நேரம்!" என்று எல்லாரிடமும் கம்பீரமாகச் சொன்னேன்.

லேப்டாப்பைத் திறந்தேன். கிளவுட்டில் வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்தேன். நகலைக் கொண்டுவா என்று உத்தரவு போட்டேன். அது மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டது. சாவி?

சாவி 'பத்திரம்' ஃபோல்டரில் இருந்தது. 'பத்திரம்' ஃபோல்டர் செத்துப்போன டிஸ்க்கில் இருந்தது.

கிளவுட் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, என் சாவியைக் கொஞ்சம் சொல்லுங்க."

"உங்க சாவி எங்ககிட்ட இருக்காது சார்."

"ஒரு காப்பிகூடவா?"

"உங்களைத் தவிர யார்கிட்டயும் இருக்காது சார். அதுதான் எங்க பெருமையே."

"பெருமையைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு உதவி பண்ணக் கூடாதா தம்பி?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் மனைவி. கழுத்தில் இஞ்ச் டேப். பின்னால் சாட்சி.

"சாவி உள்ள மாட்டிக்கிச்சா?"

"ஆமா," என்றேன். ரூம் போனால் போகட்டும். அந்த டாக்டர், அந்த பேக்கரிக்காரர், இந்தப் பிள்ளைகள், யார் முகத்தில் விழிப்பேன்? "எல்லாம் போச்சும்மா. என்னை நம்பினவங்க எல்லாரையும் நடுத்தெருவுல விட்டுட்டேன்."

அவள் உள்ளே வந்தாள். நேராகச் சர்வருக்குப் பின்னால் போனாள். குனிந்தாள். என் தலையணையோடு நிமிர்ந்தாள்.

எனக்கு டிஸ்க் போன அதிர்ச்சியே மறந்துவிட்டது.

"அது... அது எப்படி இங்க..."

"கண்ணாடியைப் போடுங்க. நான் படிக்கிறேன், நீங்க தட்டுங்க." உறையின் ஓரத்தை விரித்துப் பிடித்தாள். கொடி இல்லை. எழுத்து. எண். நீல நூலில், பிசிறில்லாத தையலில், திரையில் பார்த்த அதே நீள வரி.

"அன்னைக்கு போன்ல படம் பிடிச்சேன். போனும் தொலையும்னு நூல்ல தைச்சுட்டேன். துவைச்சாலும் போகாது."

"எதுக்கு இதுல?"

"இந்த வீட்டுல நீங்க எதை வேணா தொலைப்பீங்க. தூக்கத்தை மட்டும் தொலைக்க மாட்டீங்க."

"இந்த உறையை நான் எடுப்பேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மேல வெச்சதே நான்தானே? அடியில இருக்கறதை நீங்க எந்தக் காலத்துல எடுத்தீங்க?"

டீச்சர் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் மானத்தை விட்டுவிட்டு எழுத்துக்களைத் தட்டினேன். பூட்டு திறந்தது. பல் டாக்டர் வந்தார். பேக்கரி வந்தது. டிரைவிங் ஸ்கூல் வந்தது. கடைசியில் பாடங்களும் வந்தன. மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது.

லேப்டாப்பை மூடினேன். "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா இந்த ரூம் உனக்குத்தானேம்மா?"

"பசங்களுக்கு நாளைக்குப் பரீட்சை. ரூம் எங்க ஓடிப் போகுது?"

இவளையா தலை திரும்பாத ஃபேனில் உட்காரவைத்தேன் என்று கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆண் ஜென்மம் பாருங்கள், கலங்கின கண்ணைத் துடைப்பதற்குள் பழைய புத்தி வந்துவிட்டது.

"இருந்தாலும் பந்தயத்துல ஜெயிச்சது நான்தான். டீச்சர், சாட்சி!"

"நீங்கதாங்க ஜெயிச்சீங்க," என்றாள் மனைவி.

அவள் உடனே ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இப்ப எல்லாம் எங்கேர்ந்து ஓடுது?"

"கிளவுட்லேர்ந்து!"

"நல்லா ஓடுதா?"

"முன்னைவிட வேகமா!"

"சூடானா?"

"அது அவங்க கவலை. அவங்க ஏசி!"

"இனிமே பேக்கப்?"

"வேற ஒரு கிடங்குக்குப் போகும். ராத்திரியில தானா ஓடும்."

"பக்கத்துல ஆள்?"

"ஆளே வேண்டா..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலம் கடந்துவிட்டது.

"மிஷினும் இங்க இல்ல, ஆளும் வேண்டாம். அப்ப இந்த ரூம்ல உட்கார்ந்து எதைப் பார்த்துக்கப் போறீங்க?"

வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். கொட்டாவிதான் வந்தது.

"டீச்சர், தையல் மிஷினை ஒரு பக்கம் பிடிங்க," என்றாள்.

"நான் அப்பவே பிடிக்கலாம்னு இருந்தேன்," என்றார் சாட்சி.

மறுநாள் சாப்பாட்டில் நூல் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். பின் அறையில் ஏசி ஜிலுஜிலுவென்று ஓட, அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். நான் ஹாலில், தலை திரும்பாத ஃபேனுக்கு எதிரே என் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். மணி இரண்டு அடித்தது.

"ரூம்தான் போச்சு. அந்தத் தலையணையையாவது குடும்மா. இங்கயே படுத்துக்கறேன்."

"அது தலையணை இல்லைங்க, சாவி. சாவியை வேற எடத்துல வைக்கணும்னு உங்க மிஷினே சொல்லிச்சே. டீச்சர் வீட்டுல குடுத்துட்டேன்."

அதில் தலை வைத்த நாளிலிருந்து டீச்சர் வீட்டுக்காரருக்கு அப்படியொரு தூக்கமாம்.