கனடா வாசலில் ‘போட்டு வாறன்’

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் என் தம்பியின் பிள்ளைகள். குளத்தில் தண்ணீர் இருந்த வருடம் நெல்லும், இல்லாத வருடம் கச்சான் என்கிற நிலக்கடலையும் விதைத்து, ஜெயபுரத்து வெயிலில் ஆறு பேரையும் ஆளாக்கினேன். ஆமிக்கும் நான் பயப்பட்டதில்லை, யானைக்கும் பயப்பட்டதில்லை. (யானைக்குக் கொஞ்சம்.) அப்படிப்பட்ட என்னை, மீசை சரியாக முளைக்காத ஒரு வெள்ளைக்காரப் பொடியன் கனடாவின் வாசலில் ஒரு கதிரையில் இருத்தி வைத்து, ஒரேயொரு சொல்லுக்காகப் படுத்திய பாட்டைத்தான் சொல்ல வருகிறேன்.

என் கணவரின் பெயர் தர்மலிங்கம். (கணவரின் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள் நானில்லை. வயலின் மறுகரையில் நிற்கிற மனிதரைப் பெயர் சொல்லாமல் எப்படிச் சோற்றுக்குக் கூப்பிடுவது?) சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே விட்ட கையோடு அவர் கனடாவுக்கு வெளிக்கிட்டார். எந்தக் கப்பல், எந்தக் காடு என்பதெல்லாம் அவர் எழுத வேண்டிய கட்டுரை. எழுத மாட்டார், சோம்பல். அங்கே வழக்குப் பேசி, இருக்க அனுமதி வாங்கி, பிரசாவுரிமை எடுத்து, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட விண்ணப்பித்தார். அதற்குள் பிள்ளைகள் கல்யாணம் முடித்துவிட்டார்கள். எனக்கு முழங்கால் போய்விட்டது, அவருக்குப் பல் போய்விட்டது.

அந்த விண்ணப்பம் எந்தக் கந்தோரில் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. மருத்துவச் சோதனைக்கென்று கொழும்புக்குப் போனேன். விசா வர முந்தி அந்தச் சோதனை காலாவதியாகிவிட்டது என்று திரும்பவும் கூப்பிட்டார்கள். திரும்பவும் போனேன். பஸ்ஸில் இருந்து இருந்து இடுப்பு விட்டுப்போனது. நான் காலாவதியாக முந்தியாவது முடிப்பார்களா என்று மகளிடம் கேட்டேன்.

இப்படியிருக்க அவருக்கு நெஞ்சில் ஏதோ குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வீடியோவில் வந்தார்.

“இஞ்சரும், உம்மட விசா வரும்வரைக்கும் நான் இருப்பனோ தெரியாது. ஒருக்கால் விசிட்டராய் வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போமன்.”

சரி என்று அதற்கும் விண்ணப்பித்தோம். என் கோலத்தை யோசித்துப் பாருங்கள். கனடாவுக்கு வந்து அங்கேயே இருக்கப் போகிறேன் என்று ஒரு விண்ணப்பம். கனடாவில் இருக்க மாட்டேன், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று இன்னொரு விண்ணப்பம். இரண்டிலும் கையெழுத்து என்னுடையது. இரண்டும் உண்மை. பெரிய விசா கிடந்த இடத்திலேயே கிடக்க, சின்ன விசா கடகடவென்று வந்துவிட்டது.

மாங்குளத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் சம்பந்தி, மகளின் மாமனார், ஒருமுறை லண்டனுக்குப் போய்வந்தவர். அதனால் உலகத்து விமான நிலையங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். என்னைக் கடைக்குக் கூப்பிட்டு ஒரு கதிரையில் இருத்தி, குறட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியாகிவிட்டார்.

“சம்பந்தியம்மா, உண்மையைத்தான் சொல்லோணும். ஆனா கொஞ்சமாய்ச் சொல்லோணும். எங்க, சொல்லுங்கோ பாப்பம். ஏன் வந்தனீங்கள்?”

“மனுசனைப் பாக்க.”

“பாத்திட்டு?”

“போட்டு வாறன்.”

“அருமை! பாஸ்!” என்று குறட்டால் மேசையில் தட்டினார்.

அவருக்கு அது சரியாக விளங்கிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது. போய்விட்டு வருகிறேன் என்பது எங்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து ‘போட்டு வாறன்’ ஆகிவிட்டது. வீட்டை விட்டு வெளியே இறங்குகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. கடைக்குப் போனாலும், கனடாவுக்குப் போனாலும் அதே சொல்தான். என் மனுசனும் அதைத்தான் சொல்லிவிட்டு வெளிக்கிட்டவர். வந்தாரா இல்லையா என்பது வேறு கதை.

மாடு இரண்டையும் சம்பந்தியின் பொறுப்பில் விட்டேன். ஊர்ச்சனம் தங்கள் தங்கள் உறவுகளுக்கென்று தந்த பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், மிளகாய்த்தூள், வறுத்த கச்சான் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு பிளேன் ஏறினேன். இறங்கும்போது கால் இரண்டும் பூசணிக்காய் போல வீங்கியிருந்தன. செருப்பு நுழையவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடிதான் கனடாவுக்குள் நடந்தேன். அந்தக் கோலத்தில் ஒரு மனுசியைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

குடிவரவு மேசையில் இருந்த அந்தப் பொடியன் என் கடவுச்சீட்டைப் பார்த்தான், கணினியைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். கணினியில் என் பெரிய விண்ணப்பம் கிடந்திருக்க வேண்டும். என்னை உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தொலைபேசியை மேசையில் வைத்து அழுத்தினான். அதற்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள்.

“வணக்கம்மா. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஆபீசர் கேக்கறதை உங்களுக்குச் சொல்வேன், நீங்க சொல்றதை அப்படியே அவருக்குச் சொல்வேன். சரிங்களா?”

இந்தியாப் பிள்ளை. குரல் தேன் மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

“எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேக்கறார்.”

“மனுசனைப் பாக்க.”

“விசிட் முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?”

“போட்டு வாறன், பிள்ளை.”

“எதைப் போட்டுட்டு வருவீங்கம்மா?”

இது சம்பந்தி சொல்லித் தராத கேள்வி. நானும் யோசித்தேன். ஊரில் என்ன போடுவேன் என்று கேட்கிறாளாக்கும், தொழிலைப் பற்றியாக்கும் என்று எடுத்துக்கொண்டேன். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

“நெல்லுப் போடுவன். தண்ணி காணாட்டி கச்சான் போடுவன். உழுந்தும் போடுறனான்.”

அவள் அதை அப்படியே அவனுக்குச் சொன்னாள். பொடியன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கனடாவில் தோட்ட வேலைக்கு வந்தீர்களா, வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, பெட்டிக்குள் விதை இருக்கிறதா என்று கேள்விக்கு மேல் கேள்வி வந்தது. நான் இல்லை இல்லை என்று தலையாட்ட, அவன் பெட்டியைத் திறக்க, மேலே கிடந்தது கச்சான்.

“விதைன்னு சொல்றாரும்மா.”

“அது வறுத்தது, மோனை. முளையாது. சாப்பிட்டுப் பார்” என்று ஒரு பிடி அள்ளி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவன் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். தொலைபேசிக்குள் இருந்தவள் பதறினாள். “என்னம்மா குடுக்கறீங்க? எதுவும் குடுக்காதீங்க! லஞ்சம்னு எழுதிடுவாங்க!”

என் வாழ்நாளில் கச்சானை லஞ்சம் என்று சொன்ன நாடு அதுதான். பிறகு இன்னொருத்தி கையுறை போட்டுக்கொண்டு வந்து புழுக்கொடியலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அது சாப்பாடு என்று காட்ட நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். புழுக்கொடியல் கல்லுப் போல இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மெல்ல மெல்ல என் வாய் அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல மறுக்கிறார் என்று அவன் எழுதியிருப்பான்.

மென்று விழுங்கி, தண்ணீர் குடித்து, ‘போட்டு’ என்றால் போய்விட்டு என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவழியாக விளங்கப்படுத்தினேன். “ஐயோ, போயிட்டு வரேனா! மன்னிச்சிடுங்கம்மா!” என்று அவள் அவனிடம் விளக்கம் சொன்னாள். இனிச் சரி என்று நான் செருப்பைத் தேடினேன்.

சரியில்லை. அவன் இன்னும் இறுகிப்போனான்.

“அம்மா, போயிட்டு வருவேன்னா, திரும்பி வந்து தங்கிடுவேன்னு அர்த்தம் எடுக்கறார். திரும்பி வர்றதைப் பத்தி அவர் கேக்கலை. போவீங்களா, அது மட்டும் போதுமாம். ‘போறேன்’னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க.”

தேடி எடுத்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டேன்.

“சொல்லுங்கம்மா. இல்லேன்னா அடுத்த பிளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க பெரிய விசாவுக்கும் அது நல்லதில்லை.”

வெளியே, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், நெஞ்சில் குழாயோடு என் மனுசன் நிற்கிறார். இங்கே ஒரு சொல். எனக்குக் களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பு பிளேனில் வந்ததல்ல.

“அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டன், பிள்ளை.”

“போக மாட்டேன்னு சொல்றீங்களா?”

“போவன். ஆனா சொல்லமாட்டன்.”

“நீங்க சொல்றதை அப்படியே சொல்றதுதாம்மா என் வேலை. காரணத்தையும் சேத்துச் சொல்லிடுங்க.”

சொன்னேன். கடைசிச் சண்டை நேரம், தறப்பாளைக் கூரையாய் இழுத்துக் கட்டிய கொட்டிலுக்குள் இருந்தோம். என் தம்பி தண்ணீர் எடுக்கப் போத்தலோடு வெளிக்கிட்டான். என்னோடு ஏதோ சின்னக் கோபம், என்னவென்றுகூட இப்போது நினைவில்லை. ‘நான் போறன்’ என்றான். அவ்வளவுதான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் அன்றிலிருந்து என்னுடைய பிள்ளைகள்.

அவள் அதை மெதுவாக அவனுக்குச் சொன்னாள். பொடியன் எழுந்து வெளியே போனான்.

அவன் போனது என் மனுசனிடம். ‘உன் மனைவி திரும்பிப் போவாளா?’ என்று கேட்டிருக்கிறான். இவர் அங்கே இத்தனை வருடம் பழகிய இங்கிலீஷை எல்லாம் திரட்டி, “யெஸ் சேர், ஷீ வில் கோ அண்ட் கம்” என்றாராம்.

பொடியன் திரும்பி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல்முறையாக எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரிக் கேட்டான்.

“ஊர்ல உங்களுக்கு என்ன இருக்குன்னு கேக்கறார்.”

“வயலிருக்கு. ரண்டு மாடு இருக்கு.”

“மாட்டை இப்ப யார் பாத்துக்கறாங்க?”

“சம்பந்தி.”

“அவர் நல்லாப் பாத்துப்பாரா?”

“அவர் சைக்கிள் கடைக்காரர், பிள்ளை! மாட்டுக்குக் காத்து அடிச்சு விட்டாலும் விடுவார். ஒண்டு சினை மாடு வேற. அது கண்டு போட முந்தி நான் கெதியாய் வீட்டை போகோணும்!”

அந்தப் பிள்ளை சிரித்த பிறகுதான், போக வேண்டும் என்று நானே கத்திவிட்டது எனக்கு விளங்கியது. அவள் சொல்லி முடிக்க, பொடியனும் சிரித்தான். மற்றவர்களுக்கு ஆறு மாதம் கொடுப்பார்களாம். எனக்கு ஆறு கிழமைதான், வெறும் நாற்பத்திரண்டு நாள், எழுதினான். கச்சானையும் திருப்பித் தந்தான். புழுக்கொடியலைத் தரவில்லை.

வெளியே வந்தேன். தடித்த ஜக்கெட்டுக்குள் ஒரு கிழவர் நின்றார். அதற்குள் என் மனுசனைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை:

“என்ன இவ்வளவு நேரம்?”

“அதை நீங்கள் கேக்கிறியளோ?” என்றேன்.

ஆறு கிழமை முடியப் போகிற நேரம் அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். “நீடிக்கச் சொல்லி எழுதிப் பாப்பம். எத்தினை பேர் அப்பிடி இருக்கினம்.” முடியாது என்றுவிட்டேன். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமலே என்னை உள்ளே விட்டவன் அந்தப் பொடியன். அவனிடம் பொய்க்காரியாக எனக்கு மனமில்லை. மாடும் கண்டு போட்டிருந்தது, நான் இல்லாமல்.

இந்தக் கதை எனக்கு முந்தி ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. (மனுசன் வீடியோவில் எல்லோருக்கும் நடித்தே காட்டியிருக்கிறார்.) இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ‘போட்டு வாறன்’ என்று வாசல் படலையில் கை வைத்தால், குசினி அடுப்படியிலிருந்து யாராவது “என்னத்தைப் போட்டு?” என்று கத்துவார்கள். “கச்சான்!” என்று பதில் சொல்லாமல் படலை தாண்ட முடியாது. சம்பந்தி மட்டும் சிரிப்பதில்லை. காற்று அடித்த கதை அவருக்கும் போய்விட்டது.

பெரிய விசா இன்னும் வரவில்லை. மூன்றாம் முறையும் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்துக் களைத்து, போன மாதம் என் மனுசனே இங்கே வந்துவிட்டார், கனடாக் கடவுச்சீட்டோடு, விசிட்டர் விசாவில். தான் வெட்டின கிணற்றில் விருந்தாளியாகக் குளிக்கிறார். அவருடைய விசா இந்த மாதத்தோடு முடிகிறது. என்னுடையது இன்னும் தொடங்கவில்லை.

நேற்று மாலை வரம்பில் நின்று கேட்டார்: “நான் வெளிக்கிட்டாப் பிறகு நீர் என்ன செய்வீர்?”

“கச்சான் போடுவன்” என்றேன்.

சிரித்தார். பிறகு இரண்டு பேரும் வரம்பு வழியே வீட்டுக்கு நடந்தோம்.

காணும், கவி. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும், பிள்ளை. இனி முதலிலையிருந்து ஒருக்கால் வாசி. கொஞ்சம் சத்தமாய் வாசி, தாத்தாவுக்குக் காது மந்தம்.