உயிரோடிருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

2023 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபது. சுவிஸின் எம்மன்புரூக்கேயில் மூடுபனி, வெளியே நான்கு பாகை குளிர். அந்த நேரத்தில்தான் நான் ஒரு மனிதரைச் சாகடித்தேன். ஆயுதம்: ஒரு ரோசா மாலை.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறு காலைப் பூசை ஸ்லோவாக்கியர்களுக்கு, மாலைப் பூசை தமிழர்களுக்கு. அறுபத்தெட்டில் தங்கள் நாட்டுக்குள் ரஷ்யப் படையின் யுத்த ராங்கிகள் புகுந்தபோது தப்பி வந்தவர்கள் அவர்கள். இரும்பாலையிலும் செயற்கைப் பட்டுத் தொழிற்சாலையிலும் வேலை செய்தார்கள். முதல் பூசையைத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில், இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் வைத்தார்களாம். அப்படித் தொடங்கிய அவர்களுடைய பங்குச் சமூகத்துக்கு அன்று ஐம்பதாவது ஆண்டு விழா.

எங்களுக்கு அவர்களிடம் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. மடுமாதா திருவிழாச் சாப்பாட்டுக்குக் கோவில் மண்டபம் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவர்களுடையது. அந்த வருடம் முந்நூறு பேர் கார் தரிப்பிடத்தில் கூடாரம் அடித்து, மழைத்தண்ணீர் கலந்த குழம்பைச் சாப்பிட்டிருந்தோம். இன்னொரு தடவை அப்படி நடந்தால் பாதிப் பேர் பேர்ண் நகரத்துக் கோவிலுக்குப் போய்விடுவார்கள் என்று எங்கள் பங்குச் சபைச் செயலாளர் அன்ரன் பயந்தார்.

"மாஸ்ரர், நீங்கள்தான் வரவேணும்" என்றார். (மன்னாரில் பதினான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான்; டொச், அதாவது ஜெர்மன், இங்கே வந்து படித்தது.) "உங்களுக்கு டொச்சும் தெரியும், மரியாதையும் தெரியும். அவையின்ர பங்குச் சுவாமிக்கு மாலையைப் போட்டு, ரண்டு வார்த்தை வாழ்த்திப்போட்டு, தலைவரிட்ட மண்டபத்தைக் கேளுங்கோ."

"தலைவர் ஆர்?"

"அங்க போனாத் தெரியும்தானே."

(தெரிந்தது.)

பூசை ஒரு மணி பத்து நிமிடம். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர்கள் எழும்பியபோது நான் இருந்தேன்; நான் எழும்பியபோது அவர்கள் முழந்தாளில் நின்றார்கள். மாலை வாடாமலிருக்க நான் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்ததில் முன்வாங்கில் இருந்த ஆச்சி ஒருவருக்கு முதுகு நனைந்தது. தீர்த்தம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு மண்டபத்துக்குப் போனோம். சுவரில் பழைய படங்கள், எல்லாம் கூட்டம் கூட்டமாக. ஒரு படம் மட்டும் சட்டம் போட்டுத் தனி மேசையில் இருந்தது. கறுப்பு வெள்ளையில் மீசை வைத்த ஓர் இளைஞர். முன்னால் எரிகிற மெழுகுதிரி, பக்கத்தில் வெள்ளைப் பூ. கீழே 'ஸ்டெஃபான்' என்ற பெயரும், 1973 என்ற ஆண்டும்.

ஒரு தமிழனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

"அன்ரன், ஆள் எழுபத்துமூண்டிலயே போயிட்டார்."

"பாவம். சின்ன வயசு. என்ன நடந்திருக்கும்?"

"இரும்பாலைதான். வேற என்ன?"

"அப்ப மாலை அவருக்குப் போடுறதுதான் முறை, மாஸ்ரர். சுவாமி கோவிக்க மாட்டார்."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய், பூசை வைத்த சுவாமியைத் தாண்டி, மாலையைப் படத்துக்குப் போட்டேன். கை கூப்பினேன். ஒலிவாங்கியில் டொச்சில் நாலு நிமிடம் பேசினேன். அகதியாக வந்தவர், பசியோடு உழைத்தவர், இந்தப் பங்கு பிறந்த ஆண்டிலேயே உலையின் நெருப்புக்குத் தன்னைக் கொடுத்தவர் என்றேன். (உலை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) "அவர் அடுக்கிய கதிரைகளில்தான் நாம் எல்லோரும் இருக்கிறோம்" என்றபோது என் குரலே உடைந்தது. ஒரு நிமிட மௌனம் கேட்டேன்.

மண்டபம் முழுவதும் எழும்பியது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுவாமியும் எழும்பி, பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். முன்வரிசையில் வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் மட்டும் நெஞ்சில் கைவைத்து நிமிர்ந்து நின்றார். படத்திலிருந்த அதே முகவெட்டு. தம்பியாக்கும் என்று நினைத்தேன். அறுபதாவது விநாடியில் இறங்கிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன்.

"ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் அண்ணனா?"

"இல்லை" என்றார். "நான்தான்."

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள்தான் என்றால்?"

"அந்தப் படத்தில் இருப்பவன். பங்கைத் தொடங்கிய வருடம் எடுத்தது. இன்றைக்கு என்னைப் பாராட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள்."

முதலில் அந்த ஆச்சிதான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அன்ரன் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்: "மாஸ்ரர், தலைவரும் இவர்தானாம். மண்டபம் போச்சு!"

நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டேன் என்று எண்ணவில்லை. (என் வாழ்க்கையில் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.) ஸ்டெஃபான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலைத் தண்ணீர் கண்ணாடிக்குள் இறங்கி, அவருடைய மீசை ஊதிக்கொண்டிருந்தது.

"ஐம்பது வருடம் இங்கே கதிரை அடுக்கினேன்" என்றார். "என் ஆட்கள் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. நீங்கள் சொன்னீர்கள், நான் செத்த பிறகுதான் என்றாலும். என்ன கேட்க வந்தீர்கள்?"

அன்ரன் முந்திக்கொண்டு சொன்னார். கிழவர் யோசித்தார்.

"மண்டபத்தை எடுங்கள். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வருடமும் இந்தத் திருநாளில் இவர் எனக்கு மாலை போடவேண்டும். கழுத்தில். நான் நிற்கும்போது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனிசி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆள் செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"படம் சொன்னது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு படத்தைச் சட்டம் போட எடுத்தால், பேத்தி கத்துவாள்: "அப்பப்பா, ஆள் இருக்கிறாரோ எண்டு முதல்ல ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ!" என் பிறந்தநாளுக்குப் பூ வாங்கவும் இப்போது எல்லோருக்கும் பயம்.

திருவிழாச் சாப்பாடு இரண்டு வருடமாக மண்டபத்துக்குள்தான் நடக்கிறது. குழம்பு தடிப்பாக இருக்கிறது. ஸ்டெஃபான் முன்வரிசையில் இருந்து மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுகிறார். அவருக்கு உறைப்பும் ஒன்றும் செய்வதில்லை. பங்குப் பணத்தில் மாலை வாங்க அன்ரன் விடமாட்டேன் என்கிறார், சாகடித்தவர்தான் கட்டவேண்டுமாம். நனைந்த படத்தைத் திரும்ப அடித்துச் சட்டம் போட நூற்று நாற்பது, இரண்டு மாலைக்கு நூற்றுப் பதினைந்து, அவற்றை வாங்க சூரிச்சுக்குப் போய்வந்த ரயிலுக்கு ஐம்பத்திரண்டு. ஆக, இன்றுவரை முந்நூற்றேழு பிராங்கு.