குணம் குணமாகாது

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டேன். என்னை ஏற்றிவிட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. இந்த வருஷம் தலைமை மெக்கானிக் பதவி காலியானது. நியாயப்படி எனக்கு. ஆனால் உளவியல் நிபுணர் ஒருவரை வரவழைத்து எல்லோருக்கும் ஆளுமைப் பரிசோதனை வைத்தார்கள். அறுபது கேள்வி. 'அற்ப விஷயத்துக்கெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆமா, இல்லையா?' இப்படி ஓர் அற்பக் கேள்வி கேட்டால் கோபம் வராதா?

மனுஷ குணத்தை ஐந்து அளவுகோலில் அளக்கிறார்களாம். புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், கொந்தளிப்பு. பொறுப்பில் எனக்கு நல்ல மார்க். இணக்கத்தில் பாதாளம். கொந்தளிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. பதவி என்னைவிட எட்டு வயது சின்னவனுக்குப் போனது. கதவு சென்சார் மாற்றும்போது அவனுக்கு இன்னும் கை நடுங்கும்.

சண்டை போடத்தான் நிபுணரிடம் போனேன். அவர் இதமாகச் சொன்னார்.

"இது உங்க தப்பு இல்லை சார். இந்தக் குணங்கள்ல பாதிக்குப் பாதி பிறவியிலேயே வர்றது. முப்பது வயசுக்கு மேல சுலபத்துல மாறாது."

படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு தடிப் புத்தகமும் கொடுத்தார். பஸ்ஸிலேயே முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பதவி போன துக்கம் போயே போய்விட்டது. அதைவிடப் பெரிய பதவி ஒன்று கையில் இருந்தது. நான் பிறவிக் கோபக்காரன். விஞ்ஞானமே சொல்லிவிட்டது.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யாருடைய ரத்தம் கொதித்தாலும் சின்னக் குழாயில் பிடித்து லேபிள் ஒட்டுவாள். வேறு ஊரில் ஆறு வாரப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் இரண்டு தடவை கத்தியதில் அந்தப் பேச்சு நின்றிருந்தது.

"இங்க வந்து உட்காரு" என்றேன். "இனிமே இந்த வீட்டுல என் கோபத்தைப் பத்தி யாரும் குறை சொல்லக் கூடாது."

"ஏன், விட்டுட்டீங்களா?"

"விட முடியாது. அது என் உயரம் மாதிரி. என் குணம். குணம் குணமாகாது."

"யார் சொன்னா?"

"புத்தகம். நீதான் அனுசரிச்சுப் போகணும். எந்த நிபந்தனையும் இல்லாம ஒரு மனுஷனை ஏத்துக்கணும்னும் இதுல இருக்காம். பொருளடக்கத்துல பார்த்தேன்."

அவள் புத்தகத்துக்குக் கையை நீட்டினாள். "படிச்சுட்டுத் தரவா?" என்றாள்.

கொடுத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். நான் படித்தது ஒரு அத்தியாயம். அந்தப் புத்தகத்தில் பதினேழு அத்தியாயம்.

அடுத்த நான்கு நாள் உரிமையோடு கோபப்பட்டேன். துண்டு ஈரமாக இருக்கிறது என்று கத்தினேன். டீ ஆறிவிட்டது என்று கத்தினேன். முன்பெல்லாம் கத்தினால் சூடான டீ வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீ கேட்டேனே, காது கேக்கலையா?"

"ஏழாவது அத்தியாயத்துல இருக்கேன். பலன் கிடைக்கிற பழக்கம்தான் வளருமாம். இத்தனை வருஷமா கத்தினா டீ குடுத்து நான்தான் வளர்த்திருக்கேன். என் தப்புதான்."

டீ நானே போட்டேன். கோபத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். அதையும் கோபத்தில் குடித்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. பக்கத்து வீட்டுப் பயில்வான் தன் ஸ்கூட்டரை எங்கள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார். ஜிம் நடத்துகிறவர். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"என்ன சார்?" என்றார் பயில்வான்.

"ஒண்ணுமில்லை. வண்டி வெயில்ல நிக்குதே, சீட் சுடுமேன்னு..."

திரும்பி வந்தால், வாசலில் மனைவி. கையில் ஆஸ்பத்திரி அட்டை. பென்சிலால் ஏதோ குறித்தாள்.

"என்ன அது?"

"உங்க ரிப்போர்ட். அஞ்சு நாள்ல என்கிட்ட இருபத்திமூணு தடவை. பயில்வான்கிட்ட சைபர். உங்க மேனேஜர் போன் பண்ணினப்போ சைபர், ரெண்டு தடவை சிரிச்சீங்க. எங்க அண்ணன் வந்தப்போ சைபர். பிறவிக் குணம்னா ஆளைப் பார்த்து லீவு போடுமா?"

"இடம் பொருள் ஏவல்னு ஒண்ணு இல்லையா?"

"அதேதான் ஒன்பதாவது அத்தியாயம். மனுஷன் நடந்துக்கிறது குணத்தைவிட சூழ்நிலையைப் பொறுத்துதான்னு ஒரு கட்சி இருக்கு. உங்க கோபத்துக்குச் சூழ்நிலை நான்தான். நான் இல்லாத இடத்துல உங்களுக்குக் கோபமே இல்லை. அதனால உங்க நன்மைக்காக அந்தப் பயிற்சிக்குப் போறேன்."

தூக்கிவாரிப் போட்டது. லிஃப்ட் கயிறு அறுந்தால் எப்படி இருக்கும் என்று பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது. ஆறு வாரம். சோறு, துணி, பள்ளிக்கூடம் போகிற மகள், எல்லாம் என் தலையில். உடனே கட்சி மாறினேன்.

"நீ காரணமே இல்லை. இது பிறவிக் குணம்தான். யார் இருந்தாலும் இல்லாட்டாலும் வரும்."

"நிச்சயமா?"

"சத்தியமா."

"அப்போ நான் இங்க இருந்தும் பிரயோஜனம் இல்லை. போயிட்டு வரேன்."

"சரி, ஒத்துக்கறேன். குணமும் இல்லை, சூழ்நிலையும் இல்லை. நானா வேணும்னுதான் கோபப்படறேன். நினைச்சா அடக்க முடியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. மகள் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். மனைவியின் முகத்தில் கேலி இல்லை. இவ்வளவு நாளும் நீ சும்மாதான் கத்தினாயா என்று கேட்கிற முகம். அதற்குப் பதில் அவள் என்னைப் பார்த்து இருபத்திமூன்று தடவை கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "அடக்க முடியும்னா கவலையில்லாம போகலாம்."

புதன்கிழமை போனாள். பெட்டியை நான்தான் தூக்கினேன்.

முதல் வாரம் அடுப்பைத் திட்டினேன். அது பதிலுக்கு டீ கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம் மகளிடம் குரலை உயர்த்த வாயைத் திறந்தேன். அவள் அமைதியாக அந்த அட்டையையும் பென்சிலையும் எடுத்தாள். வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து, சொன்னால் நம்பமாட்டீர்கள், கோபம் வரவில்லை. சாதம் குழையாமல் வடிக்கக்கூடக் கற்றுக்கொண்டேன்.

ஆறாம் வாரக் கடைசியில் போன் செய்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"இருபத்தஞ்சு நாளா ஒரு தடவைகூட நான் கோபப்படலை. வேணும்னா உன் பொண்ணைக் கேளு."

"கேட்டுட்டேன். அட்டை காலியா இருக்காம்."

"எப்ப வர்றே?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இங்கயே இன்னும் ஆறு மாசம் இருக்க முடியுமான்னு கேட்டாங்க. உங்களை நினைச்சு யோசிச்சுட்டு இருந்தேன். இப்பத்தான் நிம்மதி. சரின்னு சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சுற்றிப் பார்த்தேன். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.