உடும்பு அளந்த ஆடுகளம்

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், என்னோடு இருபத்தோராண்டு பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியை சுகிர்தா ஞானமணி. அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். பிழைகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

ஒரு காட்டில் வாள்வீச்சுப் போட்டி நடத்த நாள் குறித்தார்கள். வெல்பவர் ஆற்றுக்கு அக்கரையில் நடக்கும் பெருங்காட்டுப் போட்டிக்குச் செல்லலாம். முள்ளம்பன்றி வடிவாம்பாளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. மறு ஆண்டு அவள் வயது வரம்பைக் கடந்துவிடுவாள்.

இடம் வகுக்கும் பொறுப்பும் நடுவர் பொறுப்பும் உடும்பிடம் இருந்தன. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை அவர் சரியாக ஒரு மீட்டர். ஆகவே அளவுநாடா தேவைப்படவில்லை. இருபது முறை படுத்தெழுந்து, திடல் இருபது மீட்டர் என்று கண்டார். ஆடுகளத்துக்குப் பதினான்கு. பின்வாங்குவோர் இடறி விழாதிருக்க இரு முனையிலும் இரண்டிரண்டு. மேடைக்கு இரண்டு. கணக்கு நேராயிற்று.

விழாக்குழுத் தலைவர் கரடி வரைபடத்தைப் பார்த்துப் பதறினார்.

"மேடை ரெண்டே மீட்டரா? அழைப்பிதழைப் பார்த்தியாப்பா?"

உடும்பு பார்த்தார். தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், சிறப்புரை இருவர், வாழ்த்துரை பதினொருவர். ஆடுவோர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அச்சேறிய அழைப்பிதழில் பெயருள்ள எவரையும் மேடைக்குக் கீழே அமர்த்த அக்காட்டில் எவருக்கும் துணிவில்லை.

"ரெண்டு முனையிலயும் சும்மா கிடக்கிற இடத்தை எடுத்துக்கோ. கடனாத்தான். பிறகு திருப்பிக் குடுத்திடுவோம்" என்றார் கரடி.

நான்கு மீட்டர் மேடைக்குப் போயிற்று. மறுநாள் காட்டெருமை வந்தார். "முன்னிலைன்னு போட்டிருக்கு. முன்னால உட்கார வேண்டாமா?" ஆடுகளத்தில் மூன்று மீட்டர் போயிற்று. நரிக்கு ஓர் இருக்கையே போதும். ஆயினும் காட்டெருமைக்குப் பின்னால் அமர்ந்தால் புகைப்படத்தில் முகம் தெரியாதாம். இரண்டு மீட்டர். தோகையை மடிக்க இயலவே இயலாது என்று மயில் கூறிவிட்டார். ஆறு மீட்டர்.

வடிவாம்பாள் வந்து பார்த்தபோது, எதிர்ப்பக்கத்துப் பாறையை ஒட்டி மூன்று மீட்டர் எஞ்சியிருந்தது.

"உடும்பண்ணே, நான் பின்வாங்கிப் பின்வாங்கி ஆடுறவ. என்னை எதிர்த்து ஆடப்போற கொக்கோட அலகு நீளம் தெரியுமில்ல? இதுக்குள்ள நான் எங்க போவேன்?"

"படிவம் எழுதிக் குடும்மா. நான் வேற என்ன செய்ய?"

இடம் கோரும் படிவத்தில் ஒரே வினா இருந்தது: எத்தனை நாற்காலி? அவள் நின்று ஆடுபவள். பொய் எழுதிப் பழகாதவள். "இல்லை" என்று எழுதினாள். நாற்காலி வேண்டாதவருக்கு இடமும் வேண்டியதில்லை என்று குறிப்பெழுதி, கரடி அதைக் கோப்பில் சேர்த்தார்.

போட்டி நாளன்று வாழ்த்துரைகள் முடியப் பிற்பகலாயிற்று. பிறகு வடிவாம்பாள் தன் முள்ளொன்றை வாளாக ஏந்தி நின்றாள். எதிரே கொக்கு ஏகாம்பரம் தன் அலகையே வாளாக நீட்டினான். முதலில் ஐந்து புள்ளி எடுப்பவருக்கே வெற்றி.

"என்னக்கா, இந்த இடத்துல உன் முள்ளைக் காயப்போடக்கூட முடியாதே!" என்றான் கொக்கு.

அவன் நகரவேண்டிய தேவையே இல்லை. நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி மூன்று முறை தொட்டான். மூன்று புள்ளிகள். நான்காம் முறை அவன் பாய, அவள் தன் வழக்கப்படி விரைந்து பின்வாங்கினாள். பின்வாங்கும் முள்ளம்பன்றிக்கு முட்கள் அனைத்தும் சிலிர்த்து நிற்கும். அஃது அவள் கற்ற உத்தியன்று, உடம்பின் இயல்பு. பின்னால், முதல் வரிசையின் நடுவில், கரடி அமர்ந்திருந்தார்.

"ஐயோ! யம்மா! யாராவது பிடுங்குங்களேன்!"

கரடி துள்ளிக் காட்டெருமைமேல் விழுந்தார். காட்டெருமை எழுந்த வேகத்தில் நாற்காலிகள் சரிந்தன. மடிக்க இயலாத தோகை நொடியில் மடிந்தது. புகைப்படக்காரரை முந்திக்கொண்டு நரி ஓடினார். முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை என்ற வேறுபாடின்றி மேடை முழுதும் வெறுமையாயிற்று.

உடும்பு அசையவில்லை. "வடிவாம்பாள் எல்லைக்கோட்டைத் தாண்டியதால் கொக்குக்கு ஒரு புள்ளி. நான்கு, பூச்சியம்" என்று அறிவித்தார். பிறகு நாற்காலிகளை ஒதுக்கினார். படுத்தெழுந்து அளந்து, புதுக்கோடு கீறினார்.

"பதினாலு மீட்டர் இருக்கு. ஆடுங்க."

"பாதி ஆட்டத்துல களத்தை மாத்தலாமா?" என்று கொக்கு கத்தினான்.

"மாத்தலை தம்பி. குடுத்த கடன் வந்திருக்கு."

வடிவாம்பாள் பின்வாங்கினாள், கொக்கு துரத்தினான். அவன் முழுதும் நீண்டு நிலைதடுமாறிய கணத்தில் அவள் முள் அவன் மார்பைத் தொட்டது. அடுத்த பாய்ச்சலிலும் அவ்வாறே. மெலிந்த கால்கள் நீண்ட ஓட்டத்தில் நடுங்கலாயின. ஐந்துக்கு நான்கு என அவள் வென்றாள். அக்கரைக்குச் செல்லும் சீட்டு அவளுக்கே கிடைத்தது.

கரடி நின்றபடியே பதக்கம் அணிவித்தார். அமரும் நிலையில் அவர் இல்லை.

"இனிமே எவ்வளவு இடம் வேணும்னாலும் கேளும்மா."

"படிவம் எழுதணுமாங்கய்யா?"

"வேண்டாம் தாயி. நீ என் பக்கம் முதுகைக் காட்டாம நின்னாப் போதும்."

நீதி: இடம் வேண்டுவோர் முறையாக விண்ணப்பிக்கலாம், முள்ளுடையோர் பின்வாங்கினாலே போதும். முன்னதால் கிடைத்தது ஒரு கோப்பு. பின்னதால், கடனாகக் கொடுத்த பதினைந்தும் வட்டியாக இரண்டும் சேர்ந்து, திரும்பி வந்தது பதினேழு மீட்டர்.