மாப்பிள்ளையை ஆறு வெள்ளிக்கிழமை விசாரித்த விபரம்

உ
சிவமயம்

பாமன்கடை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி நாகேந்திரம் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கு நீங்களும் அத்தானும் மருமகள் ரூபிகாவும் குளிருக்குள் சுகமாக இருக்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் சமைப்பீர்கள். நான் சொல்வதை ரொறன்ரோவில் பாதிப்பேர் கேட்பார்கள். அதனால் கனடா வருகிற ஒருவரிடம் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். தட்டிவிட்டு வாசியுங்கள், கண்ணில் படும்.

உங்கள் மகள் ரூபிகாவுக்குப் பேசி வந்திருக்கும் கிஷாந்த் என்ற பொடியன் குடிக்கிறவனா என்று விசாரிக்கச் சொன்னீர்கள். கலியாணம் முடிந்தால் அவன் கனடாவுக்கு வந்துவிடுவான், பிறகு விசாரித்துப் பிரயோசனமில்லை என்றும் சொன்னீர்கள். ஆறு கிழமையாகியும் நான் "இன்னும் விசாரிக்கிறன்" என்றே சொல்லி வந்ததில் உங்களுக்குக் கோபம். ஒரு பிள்ளையின் வாழ்க்கை அக்கா, அவசரப்பட முடியுமா? விபரத்தை முழுதாகக் கேளுங்கள்.

பொடியன் வெள்ளிக்கிழமை தோறும் ஆறு மணிக்கு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமுள்ள ஒரு பாருக்குள் போகிறான் என்று அறிந்ததும் எனக்குப் பகீரென்றது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நானும் போனேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒரு பாருக்குள். உள்ளே ஏற்கனவே இருட்டு. கறுப்புக் கண்ணாடியோடு நான் முதலில் உட்கார்ந்தது இன்னொருவரின் மடியில். அவர் நல்ல மனிசன், கோபிக்காமல் கையைப் பிடித்துப் பக்கத்து மேசையில் கொண்டுபோய் இருத்தினார். பிறகு அங்கே பரிமாறுகிற விக்ரமன், கொழும்பு ஜிந்துப்பிட்டிக்காரர், வந்து என்ன வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமையில் நான் மரக்கறி மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். "மீன் பொரிச்ச சட்டியிலை பொரிக்காத பைட்ஸ், கொறிக்க ஏதும் இருக்கோ?" என்று கேட்டேன். அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "இருபது வருசமா இங்க வேல செய்யிறேன் சார், இத யாரும் கேட்டதில்ல" என்றார். ஆனாலும் வேறு சட்டி எடுத்துக் கழுவி, மரவள்ளிக்கிழங்கு பொரித்துக் கொண்டுவந்து தந்தார்.

அப்போதுதான் பாட்டுக் கேட்டது. மூலையில் இரண்டு பேர், ஒருவர் கித்தார், மற்றவர் கீபோர்ட். அந்தக் கீபோர்ட்காரன்தான் நம்முடைய மாப்பிள்ளை! கிழமை முழுக்கக் கந்தோரில் கொம்பியூட்டரைப் பார்க்கிறவன், வெள்ளிக்கிழமையில் இங்கே வாசிக்க வருகிறானாம். பக்கத்தில் ஒரு கோப்பை பிளேன்ரீ, வெறும் தேத்தண்ணி. இடைவேளையில் நேரே என் மேசைக்கு வந்து, "மாமா, கண்ணாடியைக் கழட்டுங்கோ, விழுந்திடுவியள்" என்றான். சாதகத்தோடு நாம் அனுப்பிய குடும்பப் படத்தில் நான் இருந்தேனாம். துப்பறியப் போகிறவன் தன் படத்தை முன்கூட்டியே அனுப்பி வைப்பது நம் குடும்பத்தில்தான் நடக்கும்.

ஆனால் ஒரு நாள் பார்த்து ஒருவனை எடைபோடலாமா? இரண்டாம் வெள்ளி, கோபக்காரனா என்று பார்த்தேன். குடிவெறியில் ஒருவர் மைக்கைப் பறித்து ஒரே பைலாப் பாட்டை நாலு தடவை பாடினார். இவன் நாலு தடவையும் அவர் பிடித்த சுருதியைத் தேடித் தேடி வாசித்துக் கொடுத்தான். மூன்றாம் வெள்ளி, பெரியவர்களை மதிக்கிறானா என்று பார்க்க வேண்டுமே. விருப்பமான பாட்டைக் கை துடைக்கிற ரிஷூத் தாளில் எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம், நானும் எழுதிக் கொடுத்தேன். என் அன்னபாக்கியம் தேங்காய் திருவும்போது முணுமுணுப்பாளே, அந்தப் பழைய பாட்டு. அவள் போய் இரண்டு வருசமாக அது இந்த வீட்டில் கேட்கவில்லை. பொடியனுக்குப் பாதிதான் தெரிந்தது. "அடுத்த கிழமை முழுக்க வாசிப்பன் மாமா, கட்டாயம் வாங்கோ" என்றான். நாலாம் வெள்ளி முழுக்க வாசித்தான் அக்கா. நான் அழுதுவிட்டேன். "கிழங்குல கொச்சிக்கா கூடிப்போச்சா சார்?" என்று கேட்ட விக்ரமன், பதிலுக்கு நிற்காமல் ரிஷூப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் வெள்ளி, எங்கள் கோயில் பஜனைக் குழுத் தலைவரைப் பார் வாசலில் கண்டேன். "கடற்காத்து வாங்க வந்தனான்" என்றார். "நானும்" என்றேன். இரண்டு பேரும் காற்று வாங்க உள்ளே போனோம். ஆறாம் வெள்ளி அடைமழை. பஸ் இல்லாமல் முக்கால் மணி நேரம் பிந்திப் போனால், பொடியன் குடையோடு வாசலில் நிற்கிறான். "உங்களைக் காணேல்லை எண்டுதான் பார்த்துக்கொண்டு நிக்கிறன், இன்னும் துவங்கேல்லை" என்றான்.

ஆகவே தீர விசாரித்ததில் குடி இல்லை, கோபம் இல்லை, மரியாதை நிறைய உண்டு. தாராளமாக ஓம் சொல்லலாம். நான் ஒரு நாளும் வீணாக இழுத்தடிக்கவில்லை என்பதை அத்தானிடமும் சொல்லிவிடுங்கள். அத்தானின் சீனி வருத்தம் குறையவும், உங்கள் கோபம் தணியவும், ரூபிகாவின் வீடு எந்நாளும் பாட்டும் சிரிப்புமாக இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பாசமுள்ள தம்பி,
நாகேந்திரம்

பி.கு.: மேலே விசாரணை என்று எழுதியதெல்லாம் பொய் அக்கா. நல்ல பிள்ளை என்று முதல் வெள்ளி, கால் மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீங்கள் ஓம் என்றால் அவன் அங்கே வந்துவிடுவான். பிறகு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் எங்கே போவது? அந்தப் பயத்தில் மருமகளை ஆறு கிழமை காக்க வைத்துவிட்டேன். மாமா மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்லுங்கள். கலியாணத்தைக் கெதியாக வையுங்கள். அவனை அங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் பேப்பரை மட்டும் கொஞ்சம் ஆறுதலாக, மெதுவாக அனுப்புங்கள்.