நாக்பூரிலிருந்து ஒரு ஆள்

உலகத்திலேயே ஒரு வெப்சைட்டை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிய ஒரே மனிதர் எங்கள் ராசிபுரம் ஸ்டிக்கர் அண்ணன்தான். அமெரிக்காவில் யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள், வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவது அவர் தொழில். நெற்றியில் குலசாமி பெயர், கதவில் முதலாளி பெயர், பின்னால் ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகம். ஐம்பதை நெருங்கும் வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருந்தார். எதிர்ச்சாரியில் ஒரு பார்சல் கம்பெனி ஆபீஸ். அங்கே நான் கிளார்க்.

இலவசமாகக் கிடைக்கிற ப்ளாக் மென்பொருளில் வெப்சைட் கட்டலாம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. கற்றுக்கொண்டார். ஆனால் லாரிக்காரராகவே கற்றுக்கொண்டார். பக்கத்தின் தலைப்புக்கு நெத்தி என்று பெயர் வைத்தார். அடிப்பாகம் மட்கார்டு. வலது ஓரம் டிரைவர் சைடு, இடது ஓரம் கிளீனர் சைடு. நெத்தியில் சாமி பெயர் இல்லாமல் அவர் ஒரு சைட்டையும் ரோட்டுக்கு அனுப்பியதில்லை.

முதல் ஆர்டர் ஒரு சேகோ பேக்டரி. ‘வண்டி’ தயாரானதும் நல்ல நேரம் பார்த்து முதலாளியை வரவழைத்தார். கம்ப்யூட்டர் மேஜைக்கு மாலை, சந்தனம், குங்குமம். மேஜையின் நாலு சக்கரத்துக்குக் கீழும் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டிவிட்டு முதலாளியைத் தள்ளச் சொன்னார். அவருக்கு ஜவ்வரிசி மூட்டையைத் தள்ளிப் பழகிய கை, தள்ளினார். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது சக்கரம் கழன்று பழத்தோடு சாக்கடைப் பக்கம் உருண்டு போனது. சாய்ந்த மானிட்டரைத் தாங்கிப் பிடித்தவன் நான். அண்ணன் அசரவில்லை. “திருஷ்டி கழிஞ்சுதுங்க. இனி வண்டி நிக்காதுங்க” என்றார்.

அடுத்து ஒரு நெய்க்கடை, ஒரு கல்யாண மண்டபம், ஒரு லேடீஸ் டெய்லர். எல்லாவற்றையும் அவர் ஒரே கணக்கில் திறந்திருந்ததால் எல்லாவற்றிலும் டிரைவர் சைடில் கூலிங் கிளாஸ் போட்ட அவருடைய மீசைப் படம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. சேகோவுக்கும் நெய்க்கும் பரவாயில்லை. ஜாக்கெட் டிசைன்களுக்குப் பக்கத்திலிருந்து அவர் முறைத்துப் பார்த்தபோது டெய்லர் அக்கா கத்தரிக்கோலோடு கடைக்கு வந்தார். மண்டபத்தின் கதை வேறு. ப்ளாக் என்பதால் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் கருத்து எழுத இடம் இருந்தது. யாரோ ஒரு மகராசன் அங்கே போய், போன முகூர்த்தத்தில் ரசத்துக்கு உப்பே இல்லை என்று எழுதிவிட்டான். மண்டபக்காரர் குதித்தார். அந்த இடத்தை எப்படி மூடுவது என்று அண்ணனுக்குத் தெரியாது. அதனால், ரசத்தில் உப்புப் போட்டால் யாரும் எழுத மாட்டார்கள் என்று அவருக்கு யோசனை சொன்னார்.

இந்தக் கூத்தெல்லாம் அவர் சொந்தமாகக் கட்டிய ஒரு சைட்டுக்காகப் பழகிய பழக்கம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய கிராமத்து மாரியம்மன் நோம்பிக்கான சைட் அது. நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் திருவிழா. மேலே இந்த வருஷத்து நோம்பி தேதி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘இலை எடுக்காம வெச்சிருக்குது. வந்து உக்காரு.’

ப்ளாக்கில் புதிதாக எழுதியது மேலே ஏறிக்கொள்ளும், பழையது கீழே இறங்கிவிடும். ஊர்க்காரர்கள் அனுப்பும் படங்களைப் போடப் போட இந்தப் பதிவு கீழே போய்விடக் கூடாது என்று தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அதன் தேதியை அன்றைய தேதியாக மாற்றுவார். அதன் பிறகுதான் சாமி படத்துக்கு ஊதுவத்தி.

இலை யாருக்கு என்று ஒருநாள் கேட்டேன். கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“எந்தம்பிக்குங்க சாமி. நோம்பி அன்னைக்குப் பந்தியில உக்காந்து, உங்கூட ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன், ரிக்கு வண்டிக்குப் போறேன்னான். அத்தனை பேரு முன்னாடி கைய நீட்டிப்போட்டேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போனவன்தானுங்க.”

போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்றில் ஏறி நாக்பூர் பக்கம் போய்விட்டான் என்பது வரை தெரியும். பிறகு போன் நம்பரும் மாறிவிட்டது. எட்டு வருஷம். ஆனால் எந்தக் காட்டில் குழி போட்டுக்கொண்டிருந்தாலும் நோம்பி தேதியை மட்டும் தேடிப் பார்க்காமல் இருக்க மாட்டான் என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகத்தான் வெப்சைட்.

கிளீனர் சைடில் ஒரு பட்டியலை ஒட்டியிருந்தார். சைட்டுக்கு யார் வந்தாலும் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு என்று அதில் ஒரு வரி விழும். ராசிபுரத்து இணைப்பை அது சேலம் என்றுதான் காட்டும்; முக்கால்வாசி வரி சேலம் என்றிருக்கும். அது அவரேதான். ஆள் நடமாட்டம் இருந்தால்தான் கடை கடையாக இருக்கும், நீங்களும் தினம் ஒருக்கா திறந்து பாருங்கள் என்று என்னையும் கேட்டுக்கொண்டார். நானும் ஆபீஸ் போனதும் பத்து மணிக்கு ஒருமுறை திறந்து மூடுவேன்.

ஒரு வாரம் கழித்து மைசூர்பாகுப் பெட்டியோடு ஆபீஸுக்குள் ஓடி வந்தார். பட்டியலில் நாக்பூர் விழுந்துவிட்டதாம். அதுவும் தினமும் காலை பத்து மணிக்கு. “ஞாயித்துக்கெழம மட்டும் வாரதில்லீங்க. அன்னைக்குத் துணி தொவைப்பான்” என்று அதற்கும் அவரே காரணம் கண்டுபிடித்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்துவிட்டேன். திரும்பி வந்தால் ஸ்டிக்கர் கடையில் ஒரு எழுத்து வெட்டப்படவில்லை. அண்ணன் தாடியோடு உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகத் தம்பியைக் காணோம், குழிக்குள் ஏதாவது ஆகிவிட்டதோ என்றார். ஆறுதல் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய் வழக்கம்போல் சைட்டைத் திறந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எதிர்க்கடையிலிருந்து குரல் வந்தது: “சாமி, வந்துட்டானுங்க.”

எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகம் நாக்பூரில். எங்கள் கம்ப்யூட்டர் ராசிபுரத்தில் இருந்தாலும் அதன் இணைப்பு நாக்பூர் வழியாகத்தான் வெளியே போகிறது என்று பழுது பார்க்க வந்தவர் எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எட்டு வருஷம் கழித்து வந்த தம்பி நான்தான்.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று மத்தியானம் அவர் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாக லீவு போடுவதை நிறுத்தினேன். தலைவலியோ மழையோ, பத்து மணிக்கு ஆபீஸில் இருப்பேன். சித்தப்பா மகள் கல்யாணத்தன்று தாலி கட்டியதும் பஸ் பிடித்து வந்து, தம்பியாக ஒருமுறை தலையைக் காட்டிவிட்டுப் பந்திக்குத் திரும்பினேன். என் கடமை உணர்வைப் பாராட்டி மேனேஜர் ஒரு பேனா கொடுத்தார்.

தை மாதம் பிறந்தது. நோம்பி பங்குனியில். இந்த வருஷம் தம்பி நிச்சயம் வருவான் என்று அண்ணன் பெயிண்ட் வாங்கிக் கிராமத்து வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்தார். இனியும் மறைத்தால் பாவம் என்று ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்தார்.

“பாருங்க சாமி. நேத்து வந்திருக்கான். ஞாயித்துக்கெழம.”

நாக்பூர், மத்தியானம் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். ஒரே சாவி, அது என் பையில்.

போய்த் தேடிக் கூட்டி வந்துவிடப் போகிறேன் என்றார். துணிப்பையைக்கூடக் கட்டி வைத்திருந்தார். இத்தனை நாள் சொல்லாததை அப்போது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

“அண்ணா, மத்த நாளெல்லாம் வந்தது தம்பி இல்லீங். நாந்தானுங். எங்க ஆபீஸ் லைன் நாக்பூர்னு காட்டுதுங்.”

அவர் ஸ்கிரீன் பக்கம் திரும்பி அந்த ஞாயிற்றுக்கிழமை வரியில் விரலை வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப, ஞாயித்துக்கெழம வந்தது நீங்க இல்லீங்கல்ல?”

“இல்லீங்ணா.”

“அது போதுமுங்க.”

கிளம்புவதற்கு முன் பாஸ்வேர்டை ஒரு ஸ்டிக்கரில் எழுதி என் மேஜையில் ஒட்டினார். “தேதிய மட்டும் தெனமும் மாத்திப்போடுங்க சாமி. கீழ எறங்கிரப் போகுது” என்றார். சாயங்காலம் எங்கள் பார்சல் லாரியிலேயே டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிப் போனார். அந்த லாரியின் நெற்றியில் அவர் ஒட்டிய எழுத்துத்தான் இருந்தது.

இரண்டு முறை போன் செய்தார். ஒவ்வொரு ரிக் வண்டியாகப் போய்ப் பார்ப்பதாகவும், நம் பக்கத்துப் பையன்கள் எல்லா வண்டியிலும் இருக்கிறார்கள் என்றும், கேட்டவர்கள் எல்லாம் சோறு போட்டுத்தான் அனுப்புகிறார்கள் என்றும் சொன்னார். மூன்று வாரமாகப் போன் இல்லை. கடையின் ஷட்டரைப் பார்த்தபடி வேலை செய்வது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. யாரும் என்னைச் சாமி என்று கூப்பிடுவதில்லை. டெய்லர் அக்காகூட மீசைப் படத்தை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் எங்கள் ஆபீஸுக்கு உள்ளூர் இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் திறந்தால் சேலம் என்றுதான் விழும். அவர் செய்த மாதிரியே தினமும் காலையில் தேதியை மாற்றிவிட்டுப் பட்டியலில் ஒரு ஊரைத் தேடுகிறேன். பல நாள் சேலம் மட்டும்தான் இருக்கும்.

நோம்பிக்கு இன்னும் ஒன்பது நாள். இன்று காலை பட்டியலில் நாக்பூர் என்று ஒரு வரி கிடந்தது. அண்ணனா, தம்பியா, வேறு எதையோ தேடி வழி தவறி வந்த யாரோவா, எனக்குத் தெரியாது. தேதியை மாற்றினேன். பிறகு அவரைக் கேட்காமல் முதல்முறையாக அந்தச் சின்ன எழுத்து வரியிலும் கை வைத்தேன்.

‘இலை இப்ப ரெண்டுங்ணா. ரெண்டு பேரும் வந்து உக்காருங்க.’