அவ்வொக்காத்தோ அண்ணை பள்ளிக்கூடம் போன நாள்

இத்தாலியின் பலேர்மோ நகரில் தமிழரின் காரியங்களை அவ்வொக்காத்தோ அண்ணையைப் போல நல்ல மனதோடு கெடுத்தவர் வேறு ஒருவரும் இல்லை. கெட்ட மனதோடு கெடுப்பவர்களைப் பார்த்ததும் விலகிவிடலாம். இவர் உதவிக்கல்லவா வருவார்! இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அவ்வொக்காத்தோ என்றால் இத்தாலியனில் வக்கீல். அண்ணை வக்கீல் அல்ல; கால்சாப் பகுதியில் ஒரு வக்கீலின் வீட்டைத் துப்புரவு செய்பவர். அந்த மனிதர் கழித்துவிடும் கறுப்புக் கோட்டுகள் எல்லாம் இவர் தோளுக்கு வந்து சேர்ந்தன. ஆகஸ்ட் வெயிலில் ஊரே கையில்லாத சட்டையோடு திரியும்போது, இவர் கோட்டின் பொத்தான்களையும் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். தெரிந்த இத்தாலியன் கொஞ்சம்தான். அதுவும் முழுக்கக் கட்டளைகள்.

மன்னார்ப் பெண் ஒருத்தியைப் பல்வலிக்காக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். வரிசை நகரவில்லை என்று அவர் போட்ட சத்தத்தில் தாதி ஓடிவந்து, அவருடைய இரத்த அழுத்தத்தை அளந்து, அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். பின்னேரம் வரை அவருக்கு மருந்து ஏறியது. அந்தப் பெண் வலித்த பல்லோடேயே வீடு திரும்பினாள். இன்னொருவர் வீட்டில் குழாய் ஒழுகியபோது வீட்டுக்காரரிடம் பேசப் போனார். பேசி முடித்தபோது குழாய் ஒழுகவில்லை. தண்ணீரே வரவில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் அவரை என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். வேறு ஆள் கிடைக்கவில்லை.

மகள் நிரோஷிக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். தோரினோப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படிக்க விண்ணப்பித்து, நுழைவுத் தேர்விலும் தேறி, இடம் எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தின் இறுதிப் பரீட்சை ஒன்றுதான் மிச்சம். இடம் கிடைத்த கையோடு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

“அம்மா, பின்னேரக் கணக்கு வகுப்பை விடப்போறன்.”

“ஏன்?”

“அது சரியான கஷ்டம். தோரினோவிலை இடம் கிடைச்சிட்டுதுதானே. பாஸ்தா, இனிப் போதும்.”

“இடம் கிடைச்சதே அந்த வகுப்பாலைதான்.”

“ஓம். அதான் கிடைச்சிட்டுதே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வகுப்பில் இவளைச் சேர்க்கச் சொல்லி ஆசிரியையின் பின்னால் அலைந்தவள் நான். கஷ்டமான கணக்கைக் கண்டு ஓடுகிறவள் எஞ்சினியராகி எதைக் கட்டப்போகிறாள்? பதினெட்டு வயது ஆகாததால் என் சம்மதமில்லாமல் விட முடியாது. நேரில் போய்த் தடுக்க நினைத்தேன். ஆனால் நான் சம்பளத்துக்குப் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடந்தார். கணவரைத் துறைமுக வேலையிலிருந்து பகலில் விடமாட்டார்கள். எனவே, என் சார்பில் பேச அண்ணைக்கு அதிகாரம் கொடுத்துக் கடிதம் எழுதினேன்.

“அண்ணை, பிள்ளை வகுப்பை விடக்கூடாது எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்.”

“நீர் யோசியாதையும் தங்கச்சி. பிள்ளையை ரித்திராரே பண்ணிப்போட்டு வாறன்.”

ரித்திராரே எங்கள் ஆட்களுக்கு நல்ல சொல். மாதக்கணக்காகக் காத்திருந்த பெர்மெசோ என்ற வதிவிட அட்டை குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் கைக்கு வந்தால், அதுதான் ரித்திராரே. ‘ரித்திராரே பண்ணியாச்சோ?’ என்று கேட்டு, ஆம் என்றால் பாயசம் வைப்போம். ஆகவே எதையும் உறுதியாகக் கையில் எடுப்பதுதான் ரித்திராரே என்று அண்ணை முடிவு செய்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளையை விலக்கிக்கொள்வது என்று பொருள். அது எனக்கும் மறுநாள்தான் தெரிந்தது.

பள்ளிக்கூட அலுவலகத்தில் நடந்ததை அன்று மாலை அவரே பெருமையோடு சொன்னார்.

“பிள்ளையை ரித்திராரே பண்ண வந்தனான் எண்டன். பின்னேர வகுப்பிலையிருந்து மட்டுமோ எண்டு அங்கை இருந்த கிளாக்குப் பெண் கேட்டாள். ‘தூத்தோ’, எல்லாம் எண்டன். எல்லாமோ எண்டு திருப்பிக் கேட்டாள். எல்லாம், உடனை எண்டு மேசையிலை ஒரு தட்டுத் தட்டினன். பேசாமல் சீல் குத்தித் தந்திட்டாள்.”

மறுநாள் காலையில் நிரோஷி அழுதபடி தொலைபேசியில் அழைத்தாள். வரவு இடாப்பில் அவள் பெயர் இல்லை. பள்ளிக்கூடம் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் தோரினோ இல்லை.

“நான் கணக்கைத்தான் விடக் கேட்டனான். நீங்கள் என்னைப் பள்ளிக்கூடத்தாலையே நிப்பாட்டிப்போட்டியள்.”

சிஞ்ஞோராவை அவருடைய மகளிடம் ஒப்படைத்துவிட்டு பள்ளிக்கூடம் இருக்கும் ஒரேத்தோவுக்குப் பஸ் ஏறினேன். எனக்கு முன்பே அண்ணை பள்ளிக்கூட வாசலில் கோட்டோடு நின்றார். நிரோஷி அவருக்கும் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் சேர்த்துவைத்த கோபம் முழுவதையும் அங்கேயே கொட்டினேன்.

“அந்தக் கோட்டைக் கழட்டிப்போட்டு வீட்டை போங்கோ அண்ணை. இனி ஒரு தமிழாளின்ரை அலுவலுக்கும் போகாதேங்கோ.”

அவர் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. எனக்கும் நிரோஷிக்கும் பின்னால் அதிபரின் அறைக்குள் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் தொடங்கிவிட்டார். அதிபருக்கும் கட்டளைதான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பிழை, நான்” என்றார் இத்தாலியனில். “பிள்ளை இல்லை. அம்மா இல்லை. நான்.”

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போதும் என்று அதிபர் கையை உயர்த்தும்வரை சொன்னார்.

விலகல் இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லையாம். அதிபர் அதை ரத்துச் செய்தார். பிறகு நிரோஷியிடம், “பின்னேர வகுப்பு?” என்று கேட்டார்.

“விடுறன்” என்றாள். கண்ணீர் இன்னும் காயவில்லை, அதற்குள். அதிபரின் முன்னால் அவளைத் திட்டவா முடியும்? பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்திச் சம்மதக் கையெழுத்துப் போட்டேன். இப்போது தோரினோவில் கணக்கோடு மல்லுக்கட்டுகிறாள். எனக்குச் சொல்வதில்லை, அண்ணைக்குத்தான் சொல்கிறாள்.

எழும்பும்போது அதிபர் என் அதிகாரக் கடிதத்தைக் கையில் எடுத்தார். “இந்த மனிதரின் பெயரை நீக்கிவிடலாமா? உங்களுக்கு இவர் யார்?”

காலையிலிருந்து ஆயத்தமாக வைத்திருந்த பதில் என் நாக்கில் இருந்தது. அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோட்டில்லாமல் அவர் மிகவும் மெலிந்தவராகத் தெரிந்தார்.

“நீக்க வேண்டாம்” என்றேன். வயதில் மூத்த யாரையும் நாங்கள் அண்ணை என்போம். இத்தாலியனில் அதற்குக் கூடப்பிறந்தவன் என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன்.